தலையில் கரகம், செவியில் வெடியோசை: மனித உடற்சமநிலை ஆய்வுகள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மனிதன் இரு கால்களில் நிமிர்ந்து நிற்பது ஓய்வுநிலை அன்று. விழுதலைத் தொடர்ந்து திருத்திக்கொண்டிருக்கும் செயலாகும். கண், பாதம், உள்செவி ஆகிய மூன்றும் தரும் செய்திகளை மூளை எவ்வாறு எடைபோட்டு இச்செயலை நடத்துகிறது என்பதை உடற்சமநிலை ஆய்வுகள் விளக்கியுள்ளன. அவ்வாய்வுகளின் சாரத்தை விருதுநகர், சிவகாசி வட்டாரத்து வாழ்க்கையோடு பொருத்திப் பொது வாசகர்க்கு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். வெடியோசையால் கேள்திறன் கெடும் என்பதை அறிந்துள்ள நாம், அதே செவியின் மற்றொரு பணியை எண்ணிப்பார்ப்பதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்சமநிலை, உள்செவி, கரகாட்டம், பட்டாசுத் தொழில், தடுமாற்றம்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் கரகாட்டம் கண்டவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். நையாண்டி மேளம் உச்சத்தை எட்டும்போது ஆடுபவர் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நிற்பார், ஏணிப்படிகளில் ஏறுவார், உடலை வளைத்துத் தரையிலுள்ள ஊசியைக் கண்ணிமையால் எடுப்பார். தலையிலுள்ள கரகத்தைக் கை தொடுவதில்லை. நாட்டார் கலைகளைப் பற்றி எழுதுவோர் இத்திறனைப் பயிற்சியின் பயன் என்றோ, சக்திக் கரகமாயின் அம்மனின் அருள் என்றோ குறித்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வதே வழக்கம். கரகாட்டம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள இக்கட்டுரையாளருக்கு, பயிற்சி என்றால் உடலில் எதற்கான பயிற்சி என்னும் ஐயம் எழுந்தது.

அவ்வையத்தோடு வீட்டிலிருந்து மற்றொன்றும் வந்து சேர்ந்தது. கட்டுரையாளரின் அப்பத்தா சிவகாசிக்கு அருகிலுள்ள சிற்றூரில் வாழ்பவர். இளமை முதல் வெடிக்குழாய் உருட்டியும் சரவெடி பின்னியும் குடும்பத்தைக் காத்தவர். பகலில் கடைக்கும் கோயிலுக்கும் துணையின்றி நடந்து செல்வார். அந்தி மயங்கியபின் பின்கட்டில் முகம் கழுவும்போது மட்டும் விழுவார். ஓராண்டில் மூன்று முறை விழுந்தார். மூன்றாம் முறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 'தள்ளாத வயது' என்றனர் ஊரார். அந்த வயது பகலில் எங்கே போய்விடுகிறது என்று எவரும் கேட்கவில்லை. கட்டுரையாளரும் அப்போது கேட்கவில்லை.

நிற்றல் ஒரு செயல்

நேராக நிற்பவர் அசையாமல் நிற்பதாகவே நாம் கருதுகிறோம். அழுத்த உணரிகள் பொருத்திய பலகையின்மேல் அவரை நிறுத்தி அளந்தால் இக்கருத்து பொய்த்துவிடும். உடல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓயாமல் ஊசலாடுகிறது. அசைவு சிறிதாகையால் பார்ப்போர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை, அவ்வளவே.

உடலின் நிறை மையம் இடுப்பெலும்புக் கூட்டினுள், கொப்பூழுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. அம்மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு வரைந்தால் அது கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழும். ஆகவே உடல் எப்போதும் முன்னோக்கிச் சாயவே முனைகிறது. கெண்டைக்கால் தசைகள் அதனைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. இயற்பியலார் இவ்வமைப்பைத் தலைகீழ் ஊசல் என்பர். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடிய சிறுவர் அனைவரும் இதனை அறிவர். கம்பு நிற்பது கை அசையாதிருப்பதால் அன்று. கை அசைந்துகொண்டே இருப்பதால்தான். நீண்ட கம்பை நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது ஏறத்தாழ இயலாது. குட்டையான பொருள் விரைந்து சாய்ந்துவிடுகிறது. அதற்குள் கை சென்று சேர்வதில்லை.

இந்தக் 'அதற்குள்' என்பதே உடற்சமநிலை ஆய்வின் நடுவான சிக்கல். நிற்கும் பலகை திடீரெனப் பின்னுக்கு நகர்ந்தால், அச்செய்தி பாதத்திலிருந்து மேலேறிக் கெண்டைக்கால் தசைக்கு ஆணையாக இறங்கிவர ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் உடல் சாயத் தொடங்கிவிடும். செய்தி வரட்டும் என்று காத்திருக்கும் மூளை எப்போதும் பிந்தியே இருக்கும். எனவே மூளை முந்திக்கொள்கிறது. நிற்கும் ஒருவர் கையை முன்னால் உயர்த்தினால், கைத்தசை இயங்குவதற்குச் சற்று முன்பே கால் தசைகள் இறுகிவிடுகின்றன என்பதை 1967ஆம் ஆண்டிலேயே சோவியத் ஆய்வாளர்கள் காட்டினர். கை உயர்ந்தால் உடல் முன்னால் சாயும் என்பதை மூளை முன்கூட்டியே கணக்கில் கொள்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் லோரம், லேக்கி ஆகியோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்த்திய ஆய்வுகள் மேலும் ஒன்றைக் காட்டின. கெண்டைக்கால் தசை உடலை ஒரே சீராகப் பிடித்துவைப்பதில்லை; சிறுசிறு உந்தல்களால் மீண்டும் மீண்டும் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது.

மூன்று சாட்சிகள்

உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்குச் சொல்வோர் மூவர். மூவரும் உண்மை பேசுவோர்தாம். ஆயினும் ஒவ்வொருவரும் ஏமாறும் இடம் உண்டு.

முதலாவது கண். விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கும் பேருந்தில் அமர்ந்திருக்கையில், பக்கத்துப் பேருந்து மெல்லப் புறப்பட்டால் நம் பேருந்தே பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும். இம்மயக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் லீயும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். தரையைத் தொடாமல் தொங்கும் சுவர்களைக் கொண்ட ஓர் அறையை அவர்கள் அமைத்தனர். 1974இல் லீயும் அரான்சனும் வெளியிட்ட ஆய்வில், நிற்கப் பழகிய குழந்தைகள் அவ்வறையில் நிறுத்தப்பட்டனர். தரை அசையவில்லை, சுவர்கள் மட்டும் நகர்ந்தன. குழந்தைகள் தள்ளாடினர், பலர் விழுந்தனர். வளர்ந்தோர் விழவில்லை, ஆயினும் அவர்களுடலும் சுவரோடு இசைந்து ஊசலாடியது.

இரண்டாவது பாதமும் தசைகளும் மூட்டுகளும். உள்ளங்காலின் தோல் எங்கே அழுந்துகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்கியுள்ளது, தசை எவ்வளவு நீண்டுள்ளது என்பன இவ்வழியே தெரியவருகின்றன. உறுதியான தரையில், நல்ல வெளிச்சத்தில், நலமுடைய ஒருவர் நிற்கும்போது மூளை ஏறத்தாழ 70 விழுக்காடு இப்பாதச் செய்தியையும், 20 விழுக்காடு உள்செவியையும், 10 விழுக்காடு மட்டுமே கண்ணையும் நம்புகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபே ஹோராக் 2006இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிடுகிறார். இவ்விகிதம் நிலையானதன்று. கரிசல் சேற்றிலோ பஞ்சு மெத்தையிலோ நின்றால் பாதத்தின் சொல் செல்லாது. மூளை அதன் எடையைக் குறைத்து மற்ற இரண்டின்மீது ஏற்றிவிடுகிறது. விளக்கு அணைந்தால் கண்ணின் பங்கு மீண்டும் பாதத்துக்கும் செவிக்கும் போகிறது. ஒரு சாட்சி இல்லாதபோது எஞ்சிய இருவரை வைத்தே வழக்கு நடத்தலாம். இருவர் இல்லாதபோதுதான் வழக்கு தோற்கிறது. அப்பத்தாவின் விழுதலை இவ்விடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செவியின் மறுபணி

தமிழில் செவி என்றாலே கேட்டல்தான். உலகின் பிற மொழிகளிலும் நிலைமை பெரிதும் இதுவே. 1820களில் பிரான்சு நாட்டு உடலியலார் புளூரன்சு புறாக்களின் உள்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை அறுத்தார். புறாக்கள் செவிடாகவில்லை, தலையைச் சுழற்றித் தள்ளாடின. பின்னர் 1861இல் பாரிசு நகர மருத்துவர் மெனியேர், தலைச்சுற்றல் மூளையில் மட்டுமன்றி உள்செவியிலும் தோன்றக்கூடும் என்று அறிவித்தார். நம் பக்கத்தில் தலைகிறுகிறுப்பைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சையும் இஞ்சியும் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

அரைவட்டக் குழல்கள் ஒவ்வொரு செவியிலும் மூன்று. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்கோணத்தில் அமைந்தவை. அவற்றுள் நீர்மம் நிரம்பியுள்ளது. ஒரு செம்பில் நீர் நிரப்பி, அதன்மேல் ஒரு வேப்பிலையை மிதக்கவிட்டுச் செம்பைச் சட்டெனத் திருப்பினால், செம்பு திரும்பும். இலை நின்ற இடத்திலேயே நிற்கும். தலை திரும்பும்போது குழலுள் நிகழ்வதும் இதுவே. பின்தங்கும் நீர்மம் உணர்மயிர்களை வளைக்கிறது. எப்பக்கம், எவ்வளவு விரைவாகத் தலை திரும்பியது என்பது மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. தட்டாமாலை சுற்றும் குழந்தை நின்றபின்னும் உலகம் சுற்றுவதற்குக் காரணம், குழந்தை நின்றதை நீர்மம் உடனே அறியாமையே.

இச்செய்தியின் விரைவை வாசகர் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இப்பக்கத்தைக் கண்முன் நிறுத்தித் தலையை இடவலமாக விரைந்து அசைத்தபடி படியுங்கள்; எழுத்துகள் தெளிவாகவே இருக்கும். அடுத்துத் தலையை அசைக்காமல், பக்கத்தை அதே விரைவில் அசைத்துப் பாருங்கள், எழுத்துகள் கலங்கிவிடும். முதல் சோதனையில் உள்செவி நூறில் ஒரு நொடிக்குள் கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. இரண்டாவதில் கண் தன் சொந்த முயற்சியால் துரத்த வேண்டியிருப்பதால் பிந்திப்போகிறது.

குழல்களுக்குக் கீழே யூட்ரிகிள், சாக்யூல் என்னும் இரு பைகள் உள்ளன. தலையின் சாய்வையும் நேர்கோட்டு இயக்கத்தையும் உணர்பவை இவை. இவற்றில் பசை போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட்டுத் துகள்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆலங்குளத்திலும் ராமசாமிராஜா நகரிலும் சிமெண்டு செய்யப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பொருளும் அதுவே. தலை சாய்ந்தால் துகள்களின் எடை படலத்தைச் சரியச் செய்கிறது. முதுமையில் சில துகள்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிடுவதுண்டு. அப்போது படுக்கையில் புரண்டால் அறையே சில நொடிகள் சுழலும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அத்துகள்களை வெளியேற்றும் எளிய முறை ஒன்றுண்டு. அதனை வகுத்த மருத்துவர் எப்ளியின் பெயராலேயே அது வழங்குகிறது.

சாக்யூல் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மீன்களில் இப்பை கேட்டலுக்குத் துணைசெய்வது. மனிதரில் கேட்டல் பணி நத்தைக்கூடு போன்ற காக்லியாவுக்குச் சென்றுவிட்டது. ஆயினும் சாக்யூல் பழைய வேலையை முற்றிலும் மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் சிட்னியில் கோல்பாட்ச், ஹால்மாகி ஆகிய மருத்துவர்கள் செவியில் உரத்த சொடுக்கொலியைச் செலுத்தி, கழுத்துத் தசையில் மின் மாற்றத்தைப் பதிவு செய்தனர். ஏறத்தாழ 13 மில்லிநொடியில் தசை ஒரு கணம் தளர்ந்தது. கேட்கும் திறனை இழந்து, சமநிலை நரம்பு மட்டும் நலமாக உள்ளவரிடமும் இத்துலங்கல் காணப்பட்டது. சமநிலை நரம்பு வெட்டப்பட்ட பக்கத்தில் அது காணப்படவில்லை. உரத்த ஓசை, கேட்கப்படுவதற்கு அப்பால், உடலின் நிலையுணர் உறுப்பையும் நேரடியாகத் தட்டுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. 2000ஆம் ஆண்டில் டாட், கோடி ஆகியோர் உரத்த நடன இசையும் இவ்வுறுப்பைத் தூண்டும் என்று எடுத்துக்காட்டினர். தவிலடி உச்சத்துக்குச் செல்லும்போது கூட்டத்தினர் தலை தானே ஆடுவதற்குத் தாளச்சுவையோடு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது கட்டுரையாளரின் ஊகம்.

வெடியோசையின் நாடு

வெளியூரிலிருந்து வருவோர் பட்டாசு ஆலை ஓசை நிறைந்த இடம் என்று எண்ணி வருவர். உண்மையில் அங்கே நிலவுவது அமைதி. சிறு சிறு அறைகளில் தரையில் அமர்ந்து கையால் செய்யும் வேலை அது. ஒரு பொருள் கீழே விழும் ஓசைகூட அச்சம் தருவது. ஓசைக்கு ஆட்படுவோர் வேறு சிலர்: திருவிழாக்களில் வேட்டுப் போடுபவர், ஆலையில் வெடித்துச் சோதித்துப் பார்ப்பவர், தவிலுக்கு அருகிலேயே ஆண்டுக்கணக்கில் ஆடும் கரகக் கலைஞர், விபத்தில் உயிர் பிழைத்தவர்.

1999ஆம் ஆண்டின் விதிப்படி, வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபல் ஏஐ அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் சி என்னும் வரம்பைக் கடத்தல் கூடாது. நான்கு மீட்டர் என்பது ஒரு சிறிய அறையின் நீளமே. வேட்டுக்குத் தீ வைத்துவிட்டு ஓடுபவர் சில வேளைகளில் அதைவிட அருகிலேயே நிற்கிறார். இவ்விதி காப்பாற்ற முனைவது செவியின் கேள்திறனை. இரைச்சலால் கேள்திறன் குன்றியவர்களிடம் மேற்கூறிய கழுத்துத்தசைத் துலங்கலும் குன்றியோ காலந்தாழ்ந்தோ வருவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. வெடிப்பின் அருகிலிருந்த படைவீரர்களிடம் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் மிகுதி என்பதும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. காக்லியாவும் சாக்யூலும் ஒரே நீர்மத்தைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீடுகள். ஒன்றை அதிர்த்த அலை மற்றொன்றை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளில் பிழைத்தவர்க்கு முதலில் தீப்புண்ணுக்கு மருத்துவம் செய்கிறார்கள், அதுவே முறை. பிறகு காது கேட்கிறதா என்று கேட்பதுண்டு. கண்ணை மூடி நிற்க முடிகிறதா என்று கேட்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். கருவி எதுவும் தேவையில்லை.

ஓசையோடு வேதிப்பொருளையும் இங்குக் குறிக்க வேண்டும். ஈயத்துக்கு ஆட்பட்ட குழந்தைகள் நிற்கும்போது உடல் ஊசலாட்டம் மிகுந்திருப்பதை அமெரிக்காவின் சின்சினாட்டியில் அமித் பட்டாச்சார்யாவும் குழுவினரும் அளந்து காட்டியுள்ளனர். பட்டாசுகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று தடைசெய்தது. அத்தடைக்கு முன் பல்லாண்டுகள் உழைத்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் வாழ்கிறார்கள்.

கரகம் சொல்வது

கரகக் கலைஞரிடம் மீண்டும் வருவோம். ஆட்டத்தில் இடுப்பும் காலும் ஓயாது இயங்குகின்றன. தலை மட்டும் தனக்கென ஒரு தளத்தில் மிதப்பதுபோல் நிற்கிறது. உடற்சமநிலை ஆய்வில் இதற்கு இரு பெயர்கள் உண்டு. அகன்ற தரையில் நிற்பவர் கணுக்காலை மட்டும் அசைத்துச் சமன்செய்வார். வயல் வரப்பு போன்ற குறுகிய இடத்தில் அவ்வாறு செய்யவியலாது, இடுப்பை மடித்தே தப்பிக்க வேண்டும். ஹோராக்கும் நாஷ்னரும் 1986இல் இவற்றைக் கணுக்கால் உத்தி, இடுப்பு உத்தி என்று பிரித்துக் காட்டினர். தாம்பாள விளிம்பில் ஏறும் கலைஞர் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதுக்கு மாறுகிறார். இடுப்பு பெரிதும் அசையும்போது அதன்மேலுள்ள தலை எதிர்த்திசையில் ஈடுசெய்ய வேண்டும். அதைச் செய்வது உள்செவியும் கழுத்தும். எனவே கரகாட்டப் பயிற்சி என்பது காலுக்கான பயிற்சி என்பதைவிடக் கழுத்துக்கும் உள்செவிக்குமான பயிற்சி என்பதே பொருந்தும்.

கயிற்றின்மேல் ஆடும் கூத்து தமிழகத்துக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடும்போது முழங்கும் பறை உவமையாகிறது. அங்கும் ஓசையும் சமநிலையும் ஒன்றாகவே வருகின்றன என்பதைக் கட்டுரையாளர் மகிழ்ச்சியோடு சுட்டுகிறார். அதற்குமேல் அதனைச் சான்றாக்க விரும்பவில்லை.

வானம் பார்த்த இம்மாவட்டத்தில் சும்மாடு வைத்துத் தலையில் குடம் சுமந்த பெண்களின் திறனும் இவ்வகையினதே. கென்ய நாட்டு லுவோ, கிகுயு பெண்கள் தம் உடலெடையில் 20 விழுக்காடு வரை தலையில் சுமந்தபோதும் கூடுதல் ஆற்றலைச் செலவிடவில்லை என்று 1986இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கூறியது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் எல்லாப் பெண்களிடமும் இச்சிக்கனம் காணப்படவில்லை. கழுத்துவலியோ பரவலாக இருந்தது. தலைச்சுமையை அழகென்று பாடுவோர் இரண்டாவது ஆய்வையும் படிக்கலாம்.

இருளில் விழுதல்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க், சில நோயாளிகள் கண்திறந்து நிற்கும்போது நன்றாக நிற்பதையும், கண்ணை மூடியவுடன் சாய்வதையும் கண்டார். அவர்களுள் பலருக்குப் பாதவுணர்வு அழிந்திருந்தது. முகம் கழுவும்போது விழுகிறேன் என்பது அத்தகையோரின் வழக்கமான முறையீடு. நீர் முகத்தில் படும்போது கண் மூடிக்கொள்கிறது. பாதம் ஏற்கெனவே பேசுவதில்லை. குனிந்த தலையோடு உள்செவி மட்டும் தனித்து நிற்கிறது.

இதனைப் படித்த நாளில்தான் கட்டுரையாளருக்கு அப்பத்தா சொல்லிவந்த ஒரு சொல் விளங்கியது. "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குய்யா" என்பார். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய மருத்துவச் சீட்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன; நிற்கவைத்துப் பார்த்ததாக அவற்றுள் ஒரு குறிப்பும் இல்லை. வேறொரு மருத்துவர் 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டி அவர் பெருவிரலில் வைத்தார். அப்பத்தாவுக்கு எதுவும் தெரியவில்லை. கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து கண்ணை மூடச் சொன்னார். எண்ணிக்கை ஐந்தை எட்டுமுன் சாய்ந்தார், மருத்துவர் தாங்கிக்கொண்டார். இச்சோதனையை வீட்டில் செய்ய விரும்புவோர் இருபுறமும் ஆள் நிற்காமல் செய்தல் கூடாது.

இழந்த பாதவுணர்வு எளிதில் மீள்வதில்லை. ஆனால் சாட்சிகளைக் கூட்டலாம். பின்கட்டில் விளக்குப் போட்டாயிற்று. குனியாமல் நீரெடுக்கக் குழாய் உயர்த்தப்பட்டது. மூன்றாவது ஏற்பாடு ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பிராண்டைசு பல்கலைக்கழகத்தில் 1994இல் ஜேக்கா, லாக்னர் ஆகியோர், நிற்பவர் அசையாத ஒரு பொருளை விரல்நுனியால் தொட்டாலே உடல் ஊசலாட்டம் பெரிதும் குறைவதைக் கண்டனர். அத்தொடுகையின் விசை ஒரு நியூட்டனுக்கும் குறைவு. அதாவது 100 கிராம் எடைகூட இல்லை. உடலைத் தாங்க அது போதாது. உடல் எப்பக்கம் சாய்கிறது என்று சொல்ல மட்டுமே போதும்.

அப்பத்தா இப்போது இடக்கை விரல்நுனியைச் சுவரில் வைத்துக்கொண்டு வலக்கையால் முகம் கழுவுகிறார். அவ்விடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்திருக்கிறது.